எலி வீடு

கேள்வி: ஹாலிவுட் செய்திகளில் டிஸ்னியை 'மவுஸ் ஹவுஸ்' என்கிறார்களே, கிண்டலா?

பதில்: கிண்டல்தான்; தலைப்பில் இடத்தை மிச்சம் பிடிக்கிற சாமர்த்தியமும் உண்டு. 1905-ல் சைம் சில்வர்மன் நியூயார்க்கில் தொடங்கிய 'வெரைட்டி' பத்திரிகை வளர்த்துவிட்ட பழக்கம் இது. மிக்கி எலியால் டிஸ்னி 'எலி வீடு'. தொலைக்காட்சி நிறுவனங்களில், சின்னத்தை வைத்து சிபிஎஸ் 'கண்', என்பிசி 'மயில்'. இயக்குநர் 'ஹெல்மர்', அதாவது சுக்கான் பிடிப்பவர். ஒருவர் வேலையை விட்டால் 'ஆங்க்கிள்' செய்தார் என்று எழுதுவார்கள். கணுக்காலைக் கிளப்பிக்கொண்டு நடையைக் கட்டினாராம்!

எனக்குப் பிடித்தது 1935-ல் வந்த தலைப்பு: 'ஸ்டிக்ஸ் நிக்ஸ் ஹிக் பிக்ஸ்'. பட்டிக்காட்டுப் படங்களைப் பட்டிக்காட்டாரே சீந்துவதில்லை என்பது செய்தி. நாலே சொல், தாளம் தப்பவில்லை. 1930-ல் வந்த 'ஹாலிவுட் ரிப்போர்ட்டர்' நல்ல போட்டிதான். ஆனால் இந்தக் குறும்பு அதற்குக் கைவரவில்லை.