இரவில் மோடம் தானே டயல் செய்வது ஏன்?

தஞ்சோங் ரம்புத்தானில் ஒரு கிளை, ஈப்போவில் தலைமை அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். 2001-இல் ஸ்ட்ரீமிக்ஸ் அகலக்கற்றை அறிமுகமாகும் முன்பு இவ்விரண்டையும் குறைந்த செலவில் இணைக்க டயல்-அப் ரவுட்டர் போதும். தேவைப்பட்டால் அழைக்கும், ஓய்ந்தால் துண்டிக்கும். ஆனாலும் தொலைபேசி பில் எகிறும். பழி டெலிகாம் மேல் விழும்.

நம்பிக்கை: யாரும் கணினியைத் தொடாவிட்டால் லைன் சும்மா கிடக்கும்.

உண்மை: கிடக்காது. ரிப் நெறிமுறை இயங்கும் ரவுட்டர் 30 வினாடிக்கு ஒருமுறை தன் வழிப்பட்டியலை அனுப்பும். நோவெல் நெட்வேர் சர்வர் 60 வினாடிக்கு ஒருமுறை தன் சேவைகளை அறிவிக்கும். சிஸ்கோ ரவுட்டரில் நாம் எதையும் மாற்றாவிட்டால், 120 வினாடி தொடர்ந்து ஓய்ந்திருந்தால்தான் லைன் துண்டிக்கப்படும். 30 வினாடிக்கு ஒரு பாக்கெட் போய்க்கொண்டிருந்தால் அந்த 120 எப்போது நிறையும்? விடிய விடிய லைன் திறந்தே இருக்கும். ஈப்போவுக்குப் போக ஒரே வழிதான் உள்ள கிளைக்கு ரிப் எதற்கு? வழியை ரவுட்டரில் நிலையாக எழுதிவிட்டால் போதும்.

இணையத்துக்காக டிஎம்நெட்டின் 1515 எண்ணை அழைக்கும் ரவுட்டரும் தப்பவில்லை. விண்டோஸ் கணினி சில நேரம் பக்கத்து மேசைக் கணினியின் பெயரைக்கூட வெளியிலுள்ள டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கும். அந்த ஒரு கேள்விக்காக மோடம் டயல் செய்யும். ஊகிக்க வேண்டியதில்லை: சிஸ்கோவில் 'டிபக் டயலர்' கட்டளை கொடுத்தால், எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்குப் போன பாக்கெட் அழைக்க வைத்தது என்று திரையில் தெரியும்.

நம்பிக்கை: துண்டிக்கும் முன் காத்திருக்கும் அந்த 120 வினாடியைக் குறைத்தால் பில் குறையும்.

உண்மை: அடுத்த பாக்கெட் மறுபடி அழைக்க வைக்கும். அழைப்புகளின் எண்ணிக்கைதான் கூடும்.

நம்பிக்கை: டயலர் லிஸ்ட்டில் விலக்கிய பாக்கெட் லைனில் போகவே போகாது.

உண்மை: அனுபவசாலிகளும் இடறும் இடம் இது. எதற்காக அழைக்கலாம், எது ஓய்வுக் கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம் என்பதை மட்டுமே அந்த லிஸ்ட் தீர்மானிக்கிறது. வேறு வேலைக்காக லைன் திறந்திருந்தால் விலக்கிய பாக்கெட்டும் கூடவே போய்விடும். அறவே தடுக்க, அக்சஸ் லிஸ்ட் தனியாக எழுத வேண்டும்.

நம்பிக்கை: இதெல்லாம் பழங்கதை.

உண்மை: கேபிள் எட்டாத தோட்டப்புறத்தில் சிம் போட்ட ரவுட்டரை வைத்திருப்பவர்களுக்கு இன்றைய கதையும் இதுதான். நிமிடத்துக்குப் பதில் ஜிகாபைட் கரைகிறது. உங்கள் வீட்டிலும் அப்படியென்றால், விண்டோஸ் அமைப்புகளில் அந்த இணைப்பை 'மீட்டர்ட்' என்று இன்றே குறித்துவிடுங்கள். பெரும்பாலான தானியங்கிப் பதிவிறக்கங்கள் நின்றுவிடும்.