உள்ளே போகும் தண்ணீரும் வெளியே வரும் தண்ணீரும்

அன்புள்ள பூம்புகார் வாசகருக்கு,

தண்ணீருக்குப் பதிலாக நைட்ரஜனைச் செலுத்திப் பாறையைப் பிளக்கலாம் என்றால், காவிரி டெல்டாவில் எரிவாயு எடுப்பதை இன்னும் ஏன் எதிர்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி.

அந்தத் தொழில்நுட்பம் பொய்யில்லை. ஷேல் பாறையில் சிக்கியிருக்கும் வாயு தானாக வெளிவராது. தண்ணீர், மணல், ரசாயனம் கலந்து பெரும் அழுத்தத்தில் செலுத்தி விரிசல் உண்டாக்குவார்கள். ஒரு கிணற்றுக்கே கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிப்பதுண்டு. களிமண் மிகுந்த பாறையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கோடையில் வெடித்துக் கிடக்கும் நம் வயல் தண்ணீர் பாய்ந்ததும் உப்பி வெடிப்பை மூடிக்கொள்வதுபோல, பாறையும் உப்பி வாயுவின் வழியை அடைத்துவிடும்.

நைட்ரஜனில் இந்தத் தொல்லை இல்லை. காற்றில் 78 சதவீதம் அதுதான். எரியாது, பாறையோடு வினைபுரியாது. மைனஸ் 196 டிகிரியில் திரவமாக லாரியில் கொண்டுவந்து, கிணற்றடியில் வாயுவாக்கிச் செலுத்துகிறார்கள். வேலை முடிந்ததும் மேலே வந்துவிடும். வெறும் வாயு மணலைச் சரியாகச் சுமக்காது என்பதால், கொஞ்சம் தண்ணீர் சேர்த்து நுரையாகவும் செலுத்துவார்கள். கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஹார்ஸ்ஷூ கேன்யன் நிலக்கரிப் படுகையில் நைட்ரஜனைக் கொண்டே ஏராளமான கிணறுகளில் நிலக்கரியைப் பிளந்தார்கள்.

ஆனால் அங்கே நிலக்கரி கிட்டத்தட்ட காய்ந்தே இருந்தது. மற்ற பல படுகைகளில் தண்ணீரின் அழுத்தம்தான் மீத்தேனைப் பிடித்து வைத்திருக்கிறது. அதை மாதக்கணக்கில் இறைத்தால்தான் வாயு விடுபடும். 2010இல் மன்னார்குடி மீத்தேன் திட்டத்துக்கு ஒப்பந்தம் ஆன பிறகு இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் எச்சரித்ததும், விவசாயிகள் பயந்ததும் இந்த இறைப்பை எண்ணித்தான். உள்ளே செலுத்தும் தண்ணீரை நைட்ரஜன் மிச்சப்படுத்தும். வெளியே இறைக்கும் தண்ணீரை அது குறைக்காது.

உங்கள் ஊரில் இது உயிர்ப் பிரச்சினை. காவிரி கடல் சேரும் இடத்தில், நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. மேலிருக்கும் நல்ல தண்ணீரை இறைக்க இறைக்க உப்பு ஏறும். ஏறிய உப்பை இறக்க எத்தனை மழைக்காலம் வேண்டும் என்று கடலோர விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வாயுவோடு வரும் உவர்நீரை எங்கே விடுவது, குழாய் கசிந்தால் என்ன செய்வது என்பதற்கும் நைட்ரஜனிடம் பதில் கிடையாது. 2017 ஜூன் 30 அன்று டெல்டாவின் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து கச்சா எண்ணெய் வயலில் பரவியதை நாம் பார்த்தோம். பாறையை எதைக் கொண்டு பிளந்தாலும் அந்தக் குழாய் வயலுக்குள்தான் போகும்.

சட்டமும் இதைத் தெளிவாகவே வைத்திருக்கிறது. 2020 பிப்ரவரியில் நிறைவேறிய தமிழ்நாட்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு ஆகியவற்றை எடுக்கும் புதிய திட்டங்களைத் தடுக்கிறது. எந்த முறையில் பிளக்கிறார்கள் என்று அது கேட்பதில்லை. முன்பே நடந்துகொண்டிருந்த திட்டங்களை மட்டும் அது தொடவில்லை. நாம் கண்வைக்க வேண்டிய இடம் அதுதான்.

ஆகவே புதிய தொழில்நுட்பம் என்று யாராவது வந்தால், கிராம சபையில் மூன்று கேள்வி கேளுங்கள்: எவ்வளவு தண்ணீர் வெளியே வரும்? அது எங்கே போகும்? நிலத்தடி நீர் உப்பானால் யார் பொறுப்பு? பதிலை எழுத்தில் வாங்கித் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். எழுதித் தர மறுத்தால், அந்த மறுப்பையும் ஏற்றுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்