கத்தியும் காவற்படையும்

நுழையும்முன்

புற்றுக்கட்டியை அறுத்து அகற்றியதும் நோய் தீர்ந்தது என்றே பலரும் எண்ணுகிறோம். ஆயினும், சிலருக்குச் சில காலம் கழித்து வேறோர் உறுப்பில் அந்நோய் மீண்டும் தோன்றுகிறது. அறுவைச் சிகிச்சையின்போது உடலின் எதிர்ப்பாற்றலுக்கு நேர்வதென்ன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

இறங்கும் சுமை

வெள்ளணுக்களுள் இயற்கைக் கொல்லி செல்களும் டி செல்களும் புற்றுச்செல்களை இனங்கண்டு அழிக்கும் ஆற்றல் பெற்றவை. கட்டியோ அவற்றை முடக்கும் வேதிப்பொருள்களைச் சுரந்து தன்னைக் காத்துக்கொள்கிறது. எனவே, கட்டியை அகற்றுவது எதிர்ப்பாற்றலை அழுத்திய சுமையை இறக்குவதாகும்.

தளரும் காவல்

அந்நன்மையோடு ஓர் இடரும் உண்டு. அறுவையை உடல் பெருங்காயமாகவே உணர்கிறது. கார்டிசால், அட்ரினலின் முதலிய ஹார்மோன்கள் மிகுதியாகச் சுரந்து, இயற்கைக் கொல்லி செல்களின் செயல்பாட்டைச் சில நாள்களுக்கேனும் தளர்த்துகின்றன. காயத்தை ஆற்றச் சுரக்கும் வளர்ச்சித் தூண்டிகள், எஞ்சிய புற்றுச்செல்களுக்கும் துணையாகக்கூடும்.

முன்னரா, பின்னரா?

பகைச்செல்லை அதன் அடையாளப் புரதங்களைக் கொண்டே டி செல்கள் அறிகின்றன. கட்டி, அவ்வடையாளங்கள் நிறைந்த பாடநூல் போன்றது. நூல் கையில் இருக்கும்போதே பாடம் கற்பிப்பது நன்றன்றோ?

இவ்வினாவை அமெரிக்க ஆய்வொன்று சோதித்தது. அறுவையால் அகற்றத்தக்க, முற்றிய மெலனோமா என்னும் தோல் புற்றுநோயுடைய 313 பேர் அதில் பங்கேற்றனர். இரு பிரிவினருக்கும் பெம்புரோலிசுமாப் என்னும் எதிர்ப்பாற்றல் மருந்து 18 தவணைகள் திட்டமிடப்பட்டது. ஒரு பிரிவினருக்கு அனைத்தும் அறுவைக்குப் பின்னர். மற்றப் பிரிவினருக்கு மூன்று தவணைகள் அறுவைக்கு முன்னர், எஞ்சியவை பின்னர். 2023இல் முடிவு வெளியானது. ஈராண்டளவில் நோய் முற்றாமலும் மீளாமலும் வாழ்ந்தோர் முதற்பிரிவில் 49 விழுக்காட்டினர். இரண்டாம் பிரிவில் 72 விழுக்காட்டினர். மருந்தும் அளவும் ஒன்றே. வரிசை மட்டுமே வேறு.

இதனால் அறுவையைத் தள்ளிப்போடலாம் என்று கொள்ளுதல் தவறு. பல புற்றுநோய்களுக்கு உரிய காலத்தில் செய்யும் அறுவையே முதன்மைத் தீர்வு. எதனை எப்போது செய்வது என்பதை நோயின் வகையும் நிலையும் அறிந்த மருத்துவரே முடிவுசெய்வார். கத்தி கட்டியை அகற்றுகிறது. எஞ்சியதைத் தேடி அழிப்பது உடலின் காவற்படை. இரண்டையும் இணைப்பதே இன்றைய மருத்துவத்தின் முயற்சி.

தெரியுமா?

எதிர்ப்பாற்றலின் தடைகளை நீக்கிப் புற்றுநோயைக் குணப்படுத்தும் வழியைக் கண்டறிந்தமைக்காக அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனும் ஜப்பானின் தசுக்கு ஹோஞ்சோவும் 2018ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பெற்றனர்.

குறுவினா

1. கட்டியை அகற்றுவது எதிர்ப்பாற்றலுக்கு எவ்வாறு துணைசெய்கிறது?
2. கட்டி பாடநூலுக்கு ஒப்பிடப்படுவது ஏன்?

சிறுவினா

‘மருந்தும் அளவும் ஒன்றே, வரிசை மட்டுமே வேறு’ – விளக்குக.