தேர்க்காலும் தளிர்நடையும்

நுழையும்முன்

சாலை அனைவர்க்கும் பொது. ஆயினும் பேருந்தும் சுமையுந்தும் செல்லும் அதே சாலையில்தான் புத்தகப் பை சுமந்த சிறு குழந்தையும் நடக்கிறது. வலியோரும் மெலியோரும் ஒரே வழியில் செல்லும்போது மெலியோர்க்குத் துணை நிற்பது சட்டம். அச்சட்டம் பிறந்த கதையையும் அதன் பொருளையும் விளக்குகிறது இக்கட்டுரை.

நாஞ்சில் நாட்டுச் சாலைகள்

குளங்களும் வயல்களும் நிறைந்த நாஞ்சில் நாட்டில் பல சாலைகள் குளக்கரையையும் கால்வாய்க் கரையையும் ஒட்டியே செல்கின்றன. ஒருபுறம் நீர், மறுபுறம் வீட்டு வாசல். பல இடங்களில் நடைபாதைக்கு இடமில்லை. ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும்போது தென்மேற்குப் பருவமழையும் உடன் வருகிறது. குடை மறைத்த முகத்துடன் சிறுவர்கள் சாலையோரம் நடக்கின்றனர். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையோ கடைவீதிகளுக்கு நடுவே ஓடுகிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டில் முதலிடம் பெற்றது. கல்வியில் சிறந்த மண், கல்வி தேடிப் புறப்படும் பிள்ளைகளின் வழியையும் காத்தல் வேண்டும் அன்றோ?

ஒலித்த மணியும் ஒலிக்காத மணியும்

சாலையில் நிகழ்ந்த உயிரிழப்பைப் பற்றித் தமிழர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கதை மனுநீதிச் சோழனுடையது. இளவரசன் ஓட்டிய தேரின் காலில் ஆவின் கன்று அகப்பட்டு இறந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. மகன் அறியாமல் செய்த பிழை என்று மன்னன் அதனைத் தள்ளிவிடவில்லை. தன் பொறுப்பாகவே ஏற்றான். அம்மன்னனின் சிலை சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது.

2012ஆம் ஆண்டு ஜூலை 25 அன்று தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்த இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே சாலையில் விழுந்து, அப்பேருந்தின் சக்கரத்திலேயே சிக்கி இறந்தாள். முறையிட எவரும் வருமுன்னரே, செய்தி அறிந்த சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. மணி ஒலிக்காமலேயே நீதி விழித்த நாள் அது.

அதன் பயனாக அவ்வாண்டிலேயே பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனிச் சிறப்பு விதிகளைத் தமிழ்நாடு அரசு இயற்றியது. மஞ்சள் வண்ணம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசரகால வழி, முதலுதவிப் பெட்டி, குழந்தைகளை ஏற்றி இறக்கும் உதவியாளர் ஆகியவை கட்டாயமாயின. ஆண்டுதோறும் பள்ளி திறக்குமுன் பேருந்துகளை அதிகாரிகள் ஆய்வு செய்கின்றனர். தளம் உறுதியாக உள்ளதா என்று குனிந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் அக்குழந்தை நினைவுகூரப்படுகிறாள் எனலாம்.

சட்டம் சொல்வது என்ன?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டது. அதன்படி, இருசக்கர வாகனத்தில் செல்லும் நான்கு வயதுக்கு மேற்பட்ட அனைவரும் தலைக்கவசம் அணிதல் வேண்டும். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தலைக்கவசத்துடன், ஓட்டுநரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் தேவை என்றும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது என்றும் 2022இல் விதி வகுக்கப்பட்டது. மகிழுந்தில் பதினான்கு வயதுக்கு உட்பட்டோரை இருக்கைப்பட்டையோ குழந்தைக்குரிய காப்பிருக்கையோ இன்றி அழைத்துச் சென்றால், ஓட்டுநருக்கு 1,000 ரூபாய் தண்டம் விதிக்கப்படும். பாதசாரிகள் கடக்கும் கோடுகளில் நடப்போருக்கே முன்னுரிமை உண்டு.

வேகத்திற்கு ஏன் வரம்பு? மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 11 மீட்டர் கடக்கிறது. குழந்தையைக் கண்டு, தடையை அழுத்த ஒரு நொடி ஆயினும், அதற்குள் வாகனம் அவ்வளவு தொலைவு சென்றுவிடும். 60 கிலோமீட்டர் வேகமாயின் அது 16 மீட்டருக்கும் மேல். மேலும் வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. நிற்கும் வாகனத்தின் பின்னிருந்து வரும் குழந்தையோ உயரம் குறைந்தவன். ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாதவன். வரும் வாகனத்தின் வேகத்தைக் கணிக்கும் திறன் இன்னும் முதிராதவன். ஆகவே அறிந்தவரே அறியாதவர்க்காகவும் எச்சரிக்கை கொள்ளல் வேண்டும்.

உங்கள் கையில் உள்ளது

பதினொன்றாம் வகுப்பு மாணவராகிய நீங்கள் குழந்தையும் அல்லர். உரிமம் பெறும் வயதினரும் அல்லர். வாகனம் ஓட்டப் பதினெட்டு வயது நிரம்புதல் வேண்டும். பதினாறு வயதில் உரிமம் பெற்று ஓட்டத்தக்கது 50 சி.சி.க்கு மேற்படாத வண்டி மட்டுமே. இன்று வீடுதோறும் நிற்கும் ஸ்கூட்டர்கள் அவ்வரம்பைக் கடந்தவை. இளஞ்சிறார் வாகனம் ஓட்டிக் குற்றமிழைத்தால், அதை அறியாதிருந்ததாகவோ தடுக்க முயன்றதாகவோ மெய்ப்பிக்காத பெற்றோரும் வாகன உரிமையாளரும் மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் பெற நேரும். வாகனப் பதிவு ஓராண்டுக்கு நீக்கப்படும். ஓட்டியவர் 25 வயது வரை உரிமம் பெற இயலாது. தேர் ஓட்டியவன் மகன். பொறுப்பேற்றவன் தந்தை என்ற பழங்கதை இன்று சட்டப் பிரிவாக நிற்கிறது.

பேருந்து அரிதாக வரும் சிற்றூரில் தந்தை மூன்று பிள்ளைகளை ஒரே வண்டியில் ஏற்றிச் செல்வது செருக்கினால் அன்று, வேறு வழியின்மையால். அதனை உணர்ந்து உரிய நேரத்தில் பேருந்தும், நடக்க நடைபாதையும் அமைத்துத் தருவது அரசின் கடமை. அரசு தரும் கட்டணமில்லாப் பயண அட்டையையும் விலையில்லா மிதிவண்டியையும் முறையாகப் பயன்படுத்துவது நம் கடமை. சட்டம் பேருந்தின் ஓட்டையை அடைக்கும். சாலையைக் கடக்கத் தயங்கி நிற்கும் சிறுவனின் கையைப் பற்ற அருகில் நிற்கும் ஒருவரே வேண்டும். அவ்வொருவர் நீங்களாக இருங்கள்.

கற்பவை கற்றபின்

1. மனுநீதிச் சோழன் கதையையும், இளஞ்சிறார் வாகனம் ஓட்டுவது குறித்த சட்டப் பிரிவையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.
2. உங்கள் பள்ளிக்குச் செல்லும் வழியில் சிறுவர்க்கு இடர் விளைவிக்கும் இடங்களைக் குறித்து, உள்ளாட்சி அமைப்புக்கு விண்ணப்பம் வரைக.
3. ‘தண்டத்திற்கு அஞ்சுவதா, உயிரை மதிப்பதா – சாலைவிதியைக் காப்பது எது?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.