இணையச் சுரங்கப்பாதையும் அதன் பூட்டும்

லாபிஸில் ஓர் ஆற்றோரம் நீர்மட்டத்தை அளக்கும் உணரி ஒன்றை மாணவர் குழு பொருத்துவதாக வைத்துக்கொள்வோம். அது ஒரு வீட்டிலுள்ள சிறு கணினிக்கு அளவுகளை அனுப்புகிறது. கனமழை நாளில் சிகாமட்டிலுள்ள நண்பரும் தம் கைப்பேசியில் அந்த அளவைப் பார்க்க வேண்டும். எப்படி?

வீட்டுக் கணினிக்கு வெளியுலகம் அறிந்த தனி முகவரி பொதுவாக இருக்காது. வீட்டிலுள்ள கருவிகள் எல்லாம் ரௌட்டரின் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. உள்ளிருந்து வெளியே அழைக்கலாம். வெளியிலிருந்து வரும் அழைப்பு எந்தக் கருவிக்கு உரியது என்பது ரௌட்டருக்குத் தெரியாது.

இதற்குத் தீர்வுதான் 'சுரங்கப்பாதை'. பொது முகவரியுள்ள ஒரு சர்வரை வாடகைக்கு எடுக்கிறோம். வீட்டுக் கணினி தானே அந்தச் சர்வரை அழைத்து, இணைப்பைத் துண்டிக்காமல் வைத்திருக்கிறது. பார்வையாளரின் வேண்டுகோளைச் சர்வர் அந்த இணைப்பின் வழியே உள்ளே அனுப்பி, பதிலைப் பெற்றுத் தருகிறது.

அமைக்கும் வரிசை இது:

1. சர்வருக்கு ஓர் இணையப் பெயரைப் பதிவு செய்க.
2. சர்வரில் ஒரு சாவிச் சோடியை உருவாக்குக. ஒன்று பொதுச் சாவி. மற்றது ரகசியச் சாவி.
3. அந்தப் பெயருக்கு எஸ்எஸ்எல் சான்றிதழ் பெறுக.
4. சர்வரிலும் வீட்டுக் கணினியிலும் சுரங்க மென்பொருளை நிறுவி, இரண்டுக்கும் பொதுவான ரகசியச் சொல்லைக் கொடுக்க.

மூன்றாம் படி ஏன் தேவை? இடையில் ஒருவர் புகுந்து, "நான்தான் அந்தச் சர்வர்" என்று நடித்துப் பொய்யான நீர்மட்டத்தைக் காட்டலாம். வெள்ளம் வரும்போது அந்தப் பொய் ஆபத்தானது. 'இந்தப் பொதுச் சாவி இந்தப் பெயருக்கு உரியது' என்று நம்பகமான நிறுவனம் ஒன்று கையொப்பமிடுவதே சான்றிதழ். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2015 முதல் இதை இலவசமாக வழங்குகிறது.

சான்றிதழ் இருந்தால் மட்டும் போதுமா? நம் நாட்டிலேயே இதற்குப் பாடம் உண்டு. 2011 நவம்பரில், டிஜிசெர்ட் செண்டிரியான் பெர்ஹாட் என்ற மலேசிய நிறுவனம் 512 பிட் சாவிகளுக்கு 22 சான்றிதழ்கள் வழங்கியிருந்தது தெரியவந்தது. மைக்ரோசாப்ட், மொசில்லா ஆகியவை அந்நிறுவனத்தின் சான்றிதழ்களை நம்ப மறுத்தன. அதே மாதம், வேளாண் ஆய்வுக் கழகமான மார்டியின் இணையத்தளப் பெயரிலிருந்த சான்றிதழ், தீங்கு மென்பொருள் ஒன்றில் கையொப்பமிடப் பயன்பட்டதும் வெளியானது.

512 பிட் ஏன் போதாது? ஆர்எஸ்ஏ முறையில் இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கற்பலன் பொதுச் சாவியில் இருக்கும். 43-ஐ 47-ஆல் பெருக்குவது எளிது. 2021 எந்த இரு பகா எண்களின் பெருக்கற்பலன் என்று கண்டுபிடிக்க நேரம் எடுக்கும். எண் பெரிதாகும்போது இந்த வேலை மிக வேகமாகக் கடினமாகிறது. 512 பிட் என்பது சுமார் 155 இலக்க எண். அத்தகைய எண்ணை ஆய்வாளர்கள் 1999-லேயே காரணிப்படுத்திவிட்டனர். காரணிகள் தெரிந்தால் ரகசியச் சாவியைக் கணக்கிட்டுவிடலாம். பிறகு யாரும் அந்தச் சர்வராக நடிக்கலாம். இன்று குறைந்தது 2048 பிட், அதாவது 617 இலக்க எண், பயன்படுத்தப்படுகிறது.

ஆகவே, சுரங்கப்பாதையின் பாதுகாப்பு மூன்றைப் பொறுத்தது: போதிய நீளமுள்ள சாவி, யாரிடமும் பகிராத ரகசியச் சாவி, காலாவதியாகும் முன் புதுப்பித்த சான்றிதழ்.

செய்து பாருங்கள்: உலாவியில் ஓர் இணையத்தளத்தைத் திறந்து, முகவரிக்கு அருகிலுள்ள குறியை அழுத்திச் சான்றிதழைப் பாருங்கள். யாருக்கு வழங்கப்பட்டது? யார் வழங்கினார்? எப்போது காலாவதியாகும்? சாவி எத்தனை பிட்? 256 என்றிருந்தால் பதற வேண்டாம். அது பகா எண் பெருக்கலைச் சாராத வேறொரு கணித முறை. உங்கள் விடைகளை வகுப்பில் ஒப்பிடுங்கள்.