பி.ஏ. பாடத்துக்குள்ளேயே வேலைத்திறன்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

காலையில் சிவகிரி வழியாகப் போகும் ராஜபாளையம் – தென்காசி பஸ்ஸில் பாதிக் கூட்டம் கல்லூரிப் பிள்ளைகள். பி.ஏ. தமிழ், வரலாறு, பொருளாதாரம் என்று சொன்னதும், “படிச்சு முடிச்சு என்ன செய்யப் போறே?” என்று பக்கத்து சீட்டில் கேட்பார்கள். 2022 மார்ச் 1-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் திறன் பயிற்சியைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தது. ஆனால் அது பாட நேரத்தில் ஒரு பங்குதான். மற்ற தாள்களிலும் வேலைத்திறன் உண்டு. அதை வெளியே எடுப்பது ஆசிரியர் கையில். அவர்களுக்காக இந்தப் பட்டியல்.

செய்ய வேண்டியவை

• பொருளாதார மாணவர்களைப் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டுக்கு அனுப்புங்கள். 30 நாள் விலையைக் குறித்து, செல்போனிலேயே அட்டவணை போட்டு, ஏற்ற இறக்கத்துக்குக் காரணத்தை ஒரே பக்கத்தில் எழுதட்டும். தேவை, வரத்து பற்றிய பாடமும் அறிக்கை எழுதும் பழக்கமும் சேர்ந்தே வரும்.

• 1755-ல் கர்னல் ஹெரானின் படையை எதிர்த்து நின்ற பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் பக்கத்தில்தான் இருக்கிறது. வெளியூர்க்காரருக்கு அந்தக் கதையைப் பத்து நிமிடத்தில் சொல்ல வரலாற்று மாணவர்களைப் பழக்குங்கள். எது ஆவணம், எது வாய்வழிக் கதை என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

• அரசியல் அறிவியல் மாணவர்கள் பக்கத்துக் கிராமசபையில் உட்கார்ந்து நடவடிக்கைக் குறிப்பு எழுதட்டும். 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி ஒரு மனுவும் தயாரிக்கட்டும்.

• தமிழ் மாணவர்களுக்கு மெய்ப்புத் திருத்தமும் யூனிகோடு தட்டச்சும் கட்டுரைப் பயிற்சியோடு வரட்டும். தட்டச்சில் கை படிந்தவர்களை அரசுத் தட்டச்சுத் தேர்வுக்கும் அனுப்புங்கள். குரூப் 4-ல் தட்டச்சர் பணிக்கு அது வேண்டும்.

• இதற்கெல்லாம் இன்டர்னல் மார்க் கொடுங்கள். மார்க் இல்லாத வேலையைப் பிள்ளைகள் வேலையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

செய்யக்கூடாதவை

• வருஷத்துக்கு ஒரு நாள் ‘சாஃப்ட் ஸ்கில்’ வகுப்பு, ஒரு குரூப் போட்டோ என்று கணக்கை முடிக்காதீர்கள்.

• சிலப்பதிகாரத்தைக் குறைத்து எக்செல்லை நுழைக்காதீர்கள். மதுரையில் கண்ணகி வழக்குரைத்ததை வாதி, பிரதிவாதி, சாட்சியம் என்று பிரித்து எழுதச் சொன்னால் அதுவே வாதத் திறன்தான்.

• ஜெராக்ஸ் கடையில் காசு கொடுத்து பைண்டு பண்ணி வாங்கக்கூடிய புராஜெக்ட்டைக் கொடுக்காதீர்கள். சொந்த ஊரில் நேரில் போய்ப் பார்த்தால்தான் எழுத முடியும் என்கிற தலைப்பாகக் கொடுங்கள்.

• ஆங்கிலம் தடுமாறுகிறவரைத் திறமையற்றவர் என்று ஒதுக்காதீர்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள் பலர். முதலில் தமிழில் தெளிவாக எழுதட்டும். ஆங்கிலப் பிரதி அடுத்த வாரம் வரட்டும்.

• லேப்டாப் கேட்கும் வேலையையும், சாயங்கால பஸ்ஸைத் தவறவிடும் வேலையையும் தராதீர்கள். முதலில் பின்வாங்குவது பெண்பிள்ளைகளாகத்தான் இருக்கும்.

• செய்த வேலைக்குப் பெயர் சொல்லிக் கொடுக்காமல் விடாதீர்கள். பருவ முடிவில், “எனக்கு இப்போது இன்னது செய்யத் தெரியும்” என்று ஒவ்வொருவரும் இரண்டு வரி எழுதட்டும்.

அந்த இரண்டு வரி பயோடேட்டாவுக்கும் ஆகும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கும் ஆகும்: “எலுமிச்சை விலை ஏன் ஏறுது, ஏன் இறங்குதுன்னு கணக்குப் போட்டு எழுதத் தெரியும் அண்ணாச்சி.”