சிவில் வியாஜ்யமும் அதன் கக்ஷிக்காரர்களும்

ஸ்ரீபெரும்பூதூர் முதல் ஒரகடம் வரையுள்ள கிராமங்களில் வெகுகாலம் வரையில் நிலமானது நஞ்சை, புஞ்சை, ஏரிப்பாசனம் என்ற கணக்கிலேயே மதிக்கப்பட்டு வந்தது. 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார்த் தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் இடப்பட்டது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. இவற்றின் பின் ஏக்கர்க் கணக்குப் போய்ச் சென்ட் கணக்கு வந்தது. சென்ட் கணக்கோடு கூடவே பாகப்பிரிவினை வழக்குகளும் வந்தன. ஆகையால் சிவில் வியாஜ்யம் என்பது யாது, அதில் எவரெவர் கக்ஷிக்காரராக நிற்கவேண்டும் என்பதை நம் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

கிரிமினல் வழக்கில் குற்றத்துக்குத் தண்டனை கேட்கப்படுகிறது. சிவில் வழக்கிலோ ஒருவர் தமது பாத்தியதையை ஸ்தாபித்துத் தரும்படி கோருகிறார். கோருகிறவர் வாதி, எவருக்கு விரோதமாகக் கோரப்படுகிறதோ அவர் பிரதிவாதி. நிலத்தைப் பற்றிய தாவாவை, நிலம் எந்தக் கோர்ட்டின் எல்லைக்குள் இருக்கிறதோ அங்கேயே தாக்கல் செய்யவேண்டும் என்பது 1908-ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தின் 16-வது பிரிவு. சொத்தின் மதிப்பைப் பொறுத்து அது ஜில்லா முன்சீப் கோர்ட்டுக்கோ அதற்கு மேற்பட்ட கோர்ட்டுக்கோ செல்லும். சங்கத்துக்கும் அங்கத்தினருக்கும் கடன் பாக்கி முதலியவை பற்றி எழும் தகராறுகள் மட்டும் இவ்வழியில் செல்லா. அவை 1983-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 90-வது பிரிவின்படி ரிஜிஸ்திராரிடம் செல்லவேண்டியவை.

ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு குடியானவர் 4 ஏக்கர் சுயார்ஜித நிலத்தை விட்டு, உயில் எழுதாமல் காலஞ்சென்றார். அவருடைய தாயார் முன்னமே இறந்துவிட்டார். மனைவியும், இரண்டு குமாரரும், கலியாணமாகி வாலாஜாபாத்தில் வாழும் ஒரு குமாரத்தியும் வாரிசுகள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் தலைக்கு கால் பங்கு, அதாவது 1 ஏக்கர். ஆனால் குமாரர் இருவரும் பெரியோர் முன்னிலையில் ஆளுக்கு 2 ஏக்கராகப் பிரித்துக்கொண்டனர். "தங்கைக்குத்தான் சீர் செய்தாயிற்றே!" என்பது அவர்கள் வாதம். சில வருஷங்களில் சாலையோரத்துப் பாகம் விலை ஏறவே, மூத்தவர் இளையவர்மீது பாகவழக்குத் தொடுத்தார். தாயாரையும் தங்கையையும் கக்ஷி சேர்க்கவில்லை.

இவ்வழக்கு நிலைக்குமா? நிலைக்காது. பாகவழக்கில் பங்குதாரர் அனைவரும் அவசியமான கக்ஷிக்காரர்கள். விடுபட்டவரைச் சேர்த்துக்கொள்ளக் கோர்ட்டு அனுமதிக்கும். பிரதிவாதி ஆட்சேபித்த பின்னும் வாதி சேர்க்காவிடில், அக்குறை ஒன்றினாலேயே தாவா தள்ளுபடியாகும். தவறி டிக்ரி கிடைத்தாலும், கக்ஷியாக இல்லாத தங்கையை அது கட்டுப்படுத்தாது. கலியாணச் சீர் பங்குக்கு ஈடாகாது. தமக்கு வேண்டாமென்று அவரே ரிஜிஸ்தர் செய்த விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாலன்றி அவர் பாத்தியதை அழியாது. பிதிரார்ஜித சொத்திலும் இந்நாளில் குமாரத்திக்குப் பிறப்பினாலேயே பங்கு உண்டு. நம் மாகாணத்தில் 1989-ஆம் வருஷத்துத் திருத்தம் அப்போது கலியாணமாகாதிருந்த பெண்களுக்கு இதை அளித்தது. 9-9-2005 முதல் மத்தியச் சட்டம் எல்லாக் குமாரத்திகளுக்கும் அளித்தது. அத்தேதியில் தகப்பனார் ஜீவித்திருக்கவேண்டுவதில்லை என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்தது. ஆயினும் 20-12-2004-க்கு முன்னர் ரிஜிஸ்தர் பத்திரத்தினாலோ கோர்ட்டு டிக்ரியினாலோ முடிந்த பாகப்பிரிவினைகள் கலைக்கப்படுவதில்லை.

இங்கே ஒரு மனக்கசப்பைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். அண்ணன் தொடுத்த தாவாவில் பிரதிவாதியாகத் தம் பெயரைக் கண்ட தங்கை, "என்னைக் கோர்ட்டுக்கு இழுத்துவிட்டானே" என்று பிறந்தகத்து உறவையே அறுத்துக்கொள்வதுண்டு. பிரதிவாதி என்பது குற்றவாளி என்று பொருள்படாது. வாதியாகக் கூடிவர இசையாத பங்குதாரரைப் பிரதிவாதியாகச் சேர்ப்பதே முறை. பாகவழக்கில் பிரதிவாதியும் தமக்குரிய கோர்ட்டு ஸ்டாம்புக் கட்டணத்தைச் செலுத்தித் தம் பங்கைப் பிரித்துத் தரும்படி கேட்கலாம். ஸம்மன் அனுப்புமுன் அண்ணன் ஒருமுறை வாலாஜாபாத் பஸ் ஏறிப்போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வருவது நலம்.

மைனருக்கு ஒரு கார்டியன் மூலமாகவே வழக்கு நடக்கவேண்டும். கக்ஷிக்காரர் இறந்தால் 90 நாளில் அவர் வாரிசுகளைச் சேர்க்க மனுச் செய்யவேண்டும். வழக்கு நடக்கும்போது நிலத்தை வாங்குகிறவர், தாம் ஒன்றும் அறியேன் என்று தப்ப இயலாது. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டம் 52-வது பிரிவின்படி, வரப்போகும் டிக்ரி அவரையும் கட்டுப்படுத்தும். நம் பக்கத்தில் மனை வாங்குவோர் வில்லங்கச் சர்டிபிகேட்டோடு நின்றுவிடாமல் கோர்ட்டிலும் விசாரிப்பது இதனால்தான்.

ஸம்மன் வந்தால் வாங்க மறுப்பதில் பயனில்லை. 30 நாளில், கோர்ட்டு அனுமதித்தால் 90 நாளுக்குள், பதில் வாக்குமூலம் தாக்கல் செய்யவேண்டும். ஆஜராகாவிடில் ஒருதலைப்பட்சமாக டிக்ரி ஆகும். அதை ரத்துச் செய்யக் கோர 30 நாளே தவணை. வாதியும் கட்டண விஷயத்தில் கவனமாயிருக்கவேண்டும். கூட்டு அநுபோகத்தில் இருப்பவருக்கு நிர்ணயமான சிறு தொகையே கட்டணம். அநுபோகத்திலிருந்து வெளியேற்றப்பட்டவருக்கோ பங்கின் மார்க்கெட் விலைமீது கணக்கு. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. லோக் அதாலத்தில் ராஜியானால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். அத்தீர்ப்புக்கு அப்பீல் இல்லை.

பாகவழக்கில் முதலில் கிடைப்பது பூர்வாங்க டிக்ரி. அது யாருக்கு எத்தனை பங்கு என்று மட்டும் சொல்லும். பலர் இத்துடன் வழக்கு முடிந்ததென்று எண்ணிக் காகிதத்தைப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். பின்னர் மனுச் செய்து, கோர்ட்டு நியமிக்கும் கமிஷனர் சர்வேயருடன் வந்து அளந்து, சாலையோரம் எவருக்கு, ஏரிப்பக்கம் எவருக்கு என்று பிளான் கொடுத்து, ஆட்சேபணைகள் கேட்கப்பட்ட பின்னரே இறுதி டிக்ரி பிறக்கும். அதை ஸ்டாம்புக் காகிதத்தில் எழுதுவித்துப் பெற்று, அதன் நகலுடன் தாசில்தாரிடம் பட்டா மாற்றத்துக்கு மனுக் கொடுக்கவேண்டும்.